இன்னும் யார் வரவில்லை என்று கேட்டோம்

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமாக ஏதாவது எழுதித் தரும்படி இந்தப் பத்திரிகைக்காரர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் என்னிடம் கிடையாது. எரிச்சல் வேண்டுமானால் நிறைய இருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்து வைத்தது. ஓய்வு பெற்று, பிறந்த கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தணிந்துவிடும் என்று நினைத்தேன். தணியவில்லை, போன மழைக்காலத்தில் இன்னும் கூடிவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காவிட்டால் ஆசிரியர் குழு தூக்கிப் போடட்டும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 'இந்தப் பட்டியலில் இன்னாரைக் கொடு, இன்னாரை விட்டுவிடு' என்று ஏறக்குறைய மனிதர் பேசுகிற மாதிரியே நீங்கள் தினமும் டேட்டாபேஸிடம் கேட்கிறீர்கள் அல்லவா? அப்படிக் கேட்பதற்கான மொழிகள் உருவான காலத்தில், அவற்றில் ஒன்றை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடம், குழுவில் நான் ஒருத்திதான் பெண். இதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. கண்ணாடி போட்ட, இங்கிலீஷ் பேசுகிற, வயதான பெண் என்றால் கொடைக்கானலில் அவள் மிஷன் பள்ளி டீச்சராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே காய்கறிக்காரர் முதல் சர்ச் பங்குச் சாமியார் வரை எல்லாருக்கும் நான் 'மிஸ்'. நான் ஒரு நாள்கூட யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மழைக்கதை விளங்காது. சண்டை காலிக் கட்டத்தைப் பற்றியது. ஒருவருடைய விவரம் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். அதுவரைக்கும் சரி. அப்படி ஒரு காலி உள்ளே கிடக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் மொழி என்ன பதில் சொல்ல வேண்டும்?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் யார் சாப்பிடவில்லை?' என்று பந்தி பார்க்கிறவரைக் கேட்கிறீர்கள். ஓர் எச்சில் இலை கிடக்கிறது. யார் சாப்பிட்டு எழுந்த இலை என்று அவருக்குத் தெரியாது. விவரமான ஆளாக இருந்தால், 'இந்த ஒரு எலை யாருதுன்னு தெரியலைங்க, மத்தபடி இன்னார் இன்னார் பாக்கி' என்பார். எங்கள் மொழி அப்படிச் சொல்லாது. அந்த இலை வந்திருக்கிறவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம், ஆகவே 'இவர் சாப்பிடவில்லை' என்று ஒருவரைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே எந்தப் பெயரையும் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்ளும். பதிலாக ஒரு பெயரும் இல்லாத பட்டியல் வரும். அதைப் பார்க்கிற மனிதர் என்ன நினைப்பார்? எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்று அடுப்பை அணைக்கச் சொல்லிவிடுவார். தர்க்கப்படி மொழி செய்தது சரிதான். சரியாக இருப்பதால்தான் எனக்கு இத்தனை எரிச்சல்.

தெரியாது என்பதும் எவரும் இல்லை என்பதும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த எங்கள் குழுத் தலைவர் என் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தேன். மனிதர் எதிர்ப்பக்கம் கையைத் தூக்கினார். வெளியே வந்ததும் என்னிடம், "எழுதுகிறவர்கள் விவரமானவர்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்றார். உலகத்தில் பாதிக் கோளாறுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். அவர்மேல் எனக்கிருந்த மரியாதையும் போகவில்லை, அன்றைக்கு வந்த கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரிடமே கடைசிவரை வேலை பார்த்தேன்.

இனி மழைக்கு வருகிறேன். மேல்மலை ஊர்களில் மழை விட்டபாடில்லை. கவுஞ்சியில் அடுக்கு வயல்களுக்கு மேலே கரட்டு மேடு சரியத் தொடங்கியதும், அதற்கு அடியில் இருந்த தெருக்களைக் காலி செய்யச் சொல்லி ஆட்களைக் கொடைக்கானலுக்கு இறக்கினார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போகிற லாரிகளில் அன்றைக்கு மனிதர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் பங்கு மண்டபம் முகாம் ஆயிற்று. "மிஸ், கம்பளி குடுக்க ஆள் இல்ல, வெரசா வாங்க" என்று பங்குச் சாமியார் போன் செய்தார். போனேன். கம்பளி கொடுக்கத்தான் போனேன். டேட்டாபேஸ் பார்க்க இல்லை.

வாசலில் மேசை போட்டு லேப்டாப்போடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பெயர் பிரவீன். கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலை. ஊர் சுற்ற வந்த இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டவன், சும்மா இருக்க மாட்டாமல், "நான் ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தர்றேனுங்க" என்று தானாகவே முன்வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. அந்தத் தெருக்காரர்களின் பட்டியலை முகாம் அதிகாரி அவனிடம் ஆதார் எண்ணோடு கொடுத்திருந்தார். லாரியை விட்டு இறங்குகிறவர்களின் எண்ணை இவன் அடிப்பான். 'ஊர்ப் பட்டியலில், வந்தவர்களுக்குள் இல்லாதவர் யார்?' என்பது அவன் எழுதியிருந்த கேள்வி. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில், புரொஜெக்டர் வழியாக, இன்னும் வராதவர்களின் பெயர்கள் தெரியும். எண் அடிக்க அடிக்கப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. ஜனங்கள் அதை மேட்ச் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முற்பகலில் ஒரு லாரி வந்தது. நான் பின்னறையில் கம்பளிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மண்டபம் முழுவதும் கைதட்டல். எட்டிப் பார்த்தால், வேட்டியில் ஒரு பெயர்கூட இல்லை. பச்சையாக, பெரிய எழுத்தில், 'அனைவரும் பத்திரம்' என்று நின்றது. சாமியார் கும்பிட்டார். யாரோ எல்லாருக்கும் டீ என்று குரல் கொடுத்தார்கள்.

முகாம் அதிகாரி திண்டுக்கல் பக்கத்துக்காரர். சரியான தூக்கம் இல்லாமல் கண் சிவந்து கிடந்தார். உடனே போனை எடுத்து, மேலே கவுஞ்சியில் நின்றுகொண்டிருந்த மீட்புக் குழுவைக் கூப்பிட்டார். "எல்லாரும் வந்து சேந்தாச்சுப்பா. கெளம்பி வாங்க. மதியத்துக்கு மேல மேகம் எறங்கிரும், அப்பறம் ரோடு கண்ணுக்குத் தெரியாது." அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய ஆட்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அந்த ரோட்டில் ஒரு வளைவு ஏற்கெனவே பாதி சரிந்திருந்தது.

அப்போதுதான் பாண்டியம்மாள் என்னிடம் வந்தாள். பூண்டு வயலில் வேலை செய்கிறவள், விடிகாலையிலேயே வந்து சேர்ந்தவள். காலை முழுவதும் வேட்டிக்கு முன்னால் நின்று தன் வீட்டுக்காரர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? செவப்புத் துண்டு போட்டுருப்பாரு."

"வந்துட்டாராம்மா?"

"அதான் படத்துல பேரை எடுத்துட்டாங்கள்ல! வெள்ளனே என்னைய லாரியில ஏத்திவிட்டுட்டு, வெதப்பூண்டைக் கொட்டகைப் பரண்ல ஏத்திப்புட்டு வாரேன்னாரு. வந்த மனுசன் பொண்டாட்டி எங்கன்னு தேட வேணாமா? எங்கனயாச்சும் உக்காந்து பீடி இழுத்துக்கிட்டு இருப்பாரு. ஆளு கெடைக்கட்டும், வச்சுக்கிறேன்."

பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பின்கட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். கழிப்பறைப் பக்கம் நின்றவர்களை விசாரித்தாள். திரும்பி வந்து மறுபடியும் முதல் பெஞ்சில் இருந்து ஆரம்பித்தாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பக்கத்தில் ஓர் ஆள் ஈரச்சட்டையோடு நின்றிருந்தார். "கம்பளிச் சீட்டு வாங்கலையா? மேசையில நம்பர் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மிஸ்! வரிசையில நிக்கையில, எல்லாரும் வந்தாச்சு, நம்பர் வேணாம், போய் டீ குடிங்கன்னு அனுப்பிட்டாங்க."

எண் கொடுக்காத ஆள் எப்படி வந்தவர் ஆவார்? கம்பளியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடினேன்.

"பிரவீன், பச்சை வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன அடிச்ச?"

"ஒரு பெரியவருங்க மேடம். கார்டு இல்லீங்க. என்ன கேட்டாலும் பேச மாட்டேங்கறாரு, நடுங்கிட்டே நின்னாரு. பாவம்னு எண்ணைக் காலியா விட்டு ஏத்திட்டேனுங்க."

"வரிசையில நின்னவங்க?"

"கம்பளிக்கு ரெண்டாந்தடவை வந்து நிக்கறாங்கன்னு நெனச்சேனுங்க. அதான் திரையிலேயே வந்துருச்சுங்களே."

என்ன எழுதினானோ அதையே அவனும் நம்பிவிட்டான். வந்தவர் பட்டியலில் ஒரே ஒரு காலிக் கட்டம் விழுந்தது, மொழி வாயை மூடிக்கொண்டது. அதுவாவது வாயைத்தான் மூடியது. பட்டியல் வெறுமையாக வந்தால் 'அனைவரும் பத்திரம்' என்று பச்சையில் போடு என எழுதிவைத்தது இந்த நல்ல பிள்ளை. மொழி சொல்லாத வார்த்தையை அதன் வாயில் திணித்துவிட்டான். எங்கள் குழுத் தலைவர் எதிரில் இருந்திருந்தால், 'பாருங்கள், விவரமானவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று' எனக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியிருப்பேன்.

அவனைத் திட்ட நேரமில்லை. அதிகாரியிடம் போனேன். "மேல இருக்கவங்களை எறங்க வேணாம்னு சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்லயே வந்துருச்சே, மிஸ்."

உண்மை, பொய், தெரியாது என்று மூன்று நிலைகள் இருக்கின்றன, ஸார், என்று ஆரம்பித்தேன். அவருடைய கண் வாசல் பக்கம் போயிற்று. தலையாட்டினார், ஆனால் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தொழில் தெரிந்த நமக்கு, அவசரத்தில் இருக்கிற மனிதரிடம் போய்க் காரணத்தை முதலில் இருந்து சொல்கிற வியாதி உண்டு. அவருக்கு வேண்டியது காரணம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது வேண்டும், அதைச் சொல்கிறவர் அதற்கு நிற்பாரா என்பது வேண்டும்.

"ஸார், மேல யாராவது இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த வேட்டிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கு, அவ்வளவுதான். தெரியிற வரைக்கும் உங்க ஆளுங்க அங்கயே நிக்கட்டும்."

"மேகம் எறங்கி எங்க ஆளுங்க மாட்டிக்கிட்டா? அதுக்கு நீங்களா பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு" என்றேன். நான் என்ன பொறுப்பு ஏற்க முடியும், கிழவி? ஆனால் அந்த நேரத்தில் வேறு பதில் இல்லை. அவர் என்னை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "ஏலே, எங்க வர்றீங்க? அங்கனயே ஓரங்கட்டு. நான் சொல்ற வரைக்கும் நில்லு."

டீ குடிக்க அனுப்பியவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு எண் வாங்கினோம். காலியை ஒதுக்கிவிட்டுக் கேட்கும்படி பிரவீன் கேள்வியை மாற்றி எழுதினான். பச்சை போயிற்று. வேட்டியில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று முருகேசன், பாண்டியம்மாளின் வீட்டுக்காரர். இன்னொன்று சின்னான், தனியாக இருக்கிற ஒரு வயசாளி.

ஊர்க்காரர் ஒருவர், "சின்னான் போன மாசமே அய்யம்பாளையத்துக்கு மக வீட்டுக்குப் போயிட்டாருல்ல" என்றார்.

அதிகாரி முகம் தெளிந்தது. "அப்பச் சரியாப் போச்சு. பேசாத ஆளுதான் முருகேசன். தம்பி, அந்தக் காலியில முருகேசன்னு போட்டுரு. சோலி முடிஞ்சது."

பிரவீனின் விரல் கீபோர்டுக்குப் போயிற்று.

"கையை எடுடா!" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் இந்த ஊரில் யாரையும் 'டா' போட்டுப் பேசியவள் இல்லை.

இதை நீங்கள் எல்லாரும் செய்வீர்கள். செய்துகொண்டும் இருப்பீர்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் உங்களுக்குக் கை அரிக்கிறது. பொருந்துகிற எதையாவது போட்டு நிரப்பிவிட்டால் கணக்கு சரியாகிறது, மேலதிகாரிக்கு நிம்மதி, நீங்களும் வீட்டுக்குப் போகலாம். அதிகாரி கெட்டவர் இல்லை. தன் ஆட்களை இருட்டும் மேகமும் வருவதற்கு முன் இறக்க நினைத்தார். பிரவீனும் கெட்டவன் இல்லை. முருகேசனுக்கு என்ன வயது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு நல்லவர்களும் சேர்ந்து ஒரு மனிதரை வந்தவர் ஆக்கிவிட இருந்தார்கள்.

"அந்தப் பெரியவரைப் பாண்டியம்மா பாக்கட்டும்" என்றேன்.

அவளைப் பின்கட்டில் இருந்து கூப்பிட்டு வந்தோம். "ஆளு கெடைச்சாச்சா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூலையில் சுவரைப் பார்த்துக் கம்பளியைத் தலையோடு போர்த்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவள் வேகமாகப் போய்த் தோளைத் தொட்டு, "ஏங்க, எம்புட்டு நேரமா..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பினார்.

"அய்ய, சின்னான் மாமா! மாமா, நீங்க அய்யம்பாளையம் போகலையா?" உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். "இவருக்குக் காது சுத்தமாக் கேக்காது மிஸ். பயந்துபோய்க் கெடக்காரு. யாராச்சும் சூடா எதாவது குடுங்க."

பிரவீன் சின்னானின் எண்ணை அடித்தான். வேட்டியில் ஒரு பெயர் மட்டும் மிச்சம் நின்றது. அவள் சின்னானின் கையை விடாமலே திரும்பிப் பார்த்தாள். காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெயர்தான்.

"அப்ப இவரு வரலையா?" என்று என்னைக் கேட்டாள்.

பூண்டுக் கொட்டகையைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி போனில் இருந்தார். "ஒருத்தர் பாக்கி. பேரு முருகேசன். கரட்டுக்குக் கீழ பூண்டுக் கொட்டகை எங்கன இருக்குன்னு பாரு. பேரைச் சொல்லிக் கூப்புட்டுப் பாரு. வெரசா!"

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. பாண்டியம்மாள் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரவீன் என்னிடம் மெதுவாகக் கேட்டான், "இனிமே காலியா வந்தா என்னங்க மேடம் போடறது?"

"தெரியாதுன்னு போடு. 'ஒருத்தர் யாருன்னு தெரியலை'ன்னு செவப்புல, பெருசாப் போடு. அதைப் படிச்சா நாலு பேர் எந்திரிச்சுப் போய்ப் பாப்பாங்க."

போன் அடித்தது. கொட்டகை பாதி புதைந்திருந்தது. கதவு மண்ணுக்குள். பரணில் விதைப்பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில், கால் உத்திரத்தில் மாட்டி, ஆள் உயிரோடு இருந்தார். எடுத்துவிட்டார்கள். திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. இரண்டு பேர் டார்ச் பிடித்து வண்டிக்கு முன்னால் நடந்தே வழி காட்டி, அந்த வளைவைத் தாண்டி வந்திருக்கிறார்கள். மீட்புக் குழுவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மண்டபத்து வாசலில் ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. பாண்டியம்மாள் அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். "பூண்டாம் பூண்டு! பெரிய பூண்டு!" என்று ஏசிக்கொண்டே முகத்தில் இருந்த மண்ணைச் சேலையால் துடைத்துவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரலே வரவில்லை.

வண்டியில் ஏறப் போனவள் படியில் நின்று என் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்று சொல்வதற்குத் தயாராக நின்றேன். பிரவீனும் பக்கத்தில் இருந்தான்.

"காலையில இருந்து கத்திக்கிட்டே கெடந்துருக்காரு மிஸ்" என்றாள். "அதான் தொண்டை போச்சு. அவரு அங்க கத்திக்கிட்டு இருக்கையில, நான் இங்க எல்லாரையும் விட ஓங்கிக் கைதட்டுனேன். செவத்துல போட்டுருந்துச்சேன்னு தட்டுனேன்."

கதவைச் சாத்தினார்கள். பிரவீன் மேசைக்குப் போய், 'அனைவரும் பத்திரம்' என்று எழுதிவைத்திருந்த வரியை அழித்தான்.